நவமணியக்கா வீட்டு ஸ்தோத்திரக் கூட்டம்

நவமணியக்கா ஈப்போ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, எங்கள் சபை மாதர் சங்கத்தின் வாட்சாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மேலே ரோஜாப்பூ, கீழே கூப்பிய கைகள். வீட்டுக்குள் கட்டிலில் சாய்ந்திருந்தபடியே அக்கா அதைச் சத்தம் போட்டு வாசித்தார்.

“முழு சுகத்தோடு வீடு திரும்பியிருக்கும் நம் அருமைச் சகோதரி நவமணிக்காக வரும் சனிக்கிழமை மாலை ஸ்தோத்திரக் கூட்டம். ஆண்டவர் செய்த நன்மைக்கு நன்றி சொல்ல அனைவரும் திரண்டு வாரீர். சோறு, சரளா. கோழிக் கறி, மேரி. சாம்பார், நவமணி.”

வாசலில் நானும் அவர் கணவர் தர்மா அண்ணனும் சக்கர நாற்காலி ஏறி இறங்குவதற்குப் பலகையில் ஒரு சாய்வு அடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“முழு சுகமாம்லா!” என்று உள்ளேயிருந்து கத்தினார் அக்கா. “எங்க இருக்கு முழுசு? காலு முட்டியோட நிக்குது! யாரக் கேட்டுக் கூட்டம் வச்சா இந்தச் சரளா?”

“அது கிடக்கட்டும்,” என்றார் தர்மா அண்ணன், ஆணி ஒன்றை உதட்டில் கவ்வியபடி. “சாம்பாரு யாரு வைக்கிறது? அதச் சொல்லு மொதல்ல.”

உள்ளேயிருந்து ஒரு தலையணை பறந்து வந்து வாசலில் விழுந்தது.

என் அம்மாவுக்கும் அவர் நவமணியக்காதான், எனக்கும் நவமணியக்காதான். பீடோருக்கு உள்ளே இருந்த ரப்பர்த் தோட்டம் செம்பனையாக மாறி, லயத்து வீடுகளை இடித்து, எங்களையெல்லாம் இந்தத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் கொண்டுவந்தபோதும் எங்கள் இரு குடும்பமும் ஒரே வரிசையில்தான் வந்து இறங்கின. அக்கா ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கொய்யாத் தோட்டத்தில் வேலை செய்தார். பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொரு காய்க்கும் பை போட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பழ ஈ துளைத்துவிடும். காலையெல்லாம் அந்த வேலை. மத்தியானத்துக்குப் பிறகு கப்பச்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்தாரென்றால், சபையில் யார் வீட்டில் எந்தச் சங்கடமோ அங்கே இருப்பார். கூடையில் ஒரு மங்கு சோறு, கைப்பையில் வேதப் புத்தகம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்: “ஸ்தோத்திரம் சொல்லுங்க. மத்ததை அவரு பாத்துக்குவாரு.”

ஸ்தோத்திரக் கூட்டம் என்பது எங்கள் சபையில் முன்பே உள்ள வழக்கம்தான். நல்லது நடந்த வீட்டில் எல்லாரும் கூடிப் பாடுவோம். வீட்டுக்காரர் எழுந்து, ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லுவார். பாஸ்டர் ஜெபிப்பார். பிறகு சாப்பாடு, போகும்போது ஆளுக்கொரு தாப்பாவ் பொட்டலம். ஆனால் அக்கா மாதர் சங்கத் தலைவி ஆன பிறகு அது ஒரு சட்டம்போல ஆகிவிட்டது. மருத்துவமனையிலிருந்து யார் உயிரோடு வந்தாலும் அந்த வாரமே கூட்டம். வீட்டுக்காரரைக் கேட்பதில்லை, தேதியைச் சொல்லுவார், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதை இன்றைக்கும் நான் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வேன். காம்பார் பல்கலைக்கழகத்தில் அந்தக் கறுப்பு அங்கியைக் கழற்றிய கையோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் கெனோபிப் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. பல வருடமாக. பாதத்தில் உணர்வு குறைந்துகொண்டே வந்ததை அவர் வெளியே சொல்லவில்லை. ஒரு நாள் ரப்பர் பூட்ஸின் அடியைத் துளைத்து ஒரு ஆணி உள்ளே ஏறியிருக்கிறது. அது தெரியாமலே மாலை வரை கொய்யா மரங்களுக்கிடையே நடந்திருக்கிறார். வீட்டில் பூட்ஸைக் கழற்றியபோது காலுறை சிவந்திருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார். காய்ச்சல் வந்து, விரல் கறுத்து, ஈப்போவுக்குக் கொண்டுபோனபோது டாக்டர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். கடைசியில் உயிரா காலா என்று வந்தபோது தர்மா அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார். மகன் சுரேன் சிங்கப்பூரிலிருந்து வந்து இருந்துவிட்டு, விடுப்பு முடிந்து திரும்பிப் போயிருந்தான். அதனால்தான் சுத்தியலோடு அங்கே நான்.

மத்தியானம் சரளாக்கா வந்தார், கையில் ஒரு பை உருளைக்கிழங்கோடு. மாதர் சங்கத்தின் துணைத் தலைவி. செய்தியை அனுப்பியவரும் அவர்தான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க,” என்றார் வாசலிலேயே. “நீங்க போன வருஷம் போட்ட மெசேஜத்தான் எடுத்து, பேரை மட்டும் மாத்தினேன். சாம்பாரைக் கவனிக்கல.”

“பேரை மாத்தத் தெரிஞ்சவளுக்கு முழு சுகத்தை மாத்தத் தெரியலயா?”

“நீங்க எழுதினதுக்கா. எப்படி மாத்துறது?”

“கூட்டம் வேணாம் சரளா. நிப்பாட்டிடு.”

“மேரி கோழி சொல்லிட்டா. பாஸ்டருக்கும் சொல்லியாச்சி.” சரளாக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான அன்போடுதான் சொன்னார்: “ஸ்தோத்திரம் சொல்லுங்கக்கா. மத்ததை அவரு பாத்துக்குவாரு.”

அக்கா கையை இழுத்துக்கொண்டார். பிறகு, “இதையா நான் வீடு வீடாப் போயிச் சொன்னேன்?” என்று கேட்டார். சரளாக்காவைப் பார்த்துக் கேட்டதுபோல் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாரியம்மா, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரோடு வந்து நின்றார். அவர் காளியம்மன் பக்தை. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

“என்ன நவமணி, காலை வாங்கிக்கிட்டதுக்கு உங்க சாமிக்கு விருந்தாமே? எங்க ஆத்தா ஒரு கோழியோட விட்டுருவா லா!”

சரளாக்காவுக்கு முகம் கறுத்தது. நவமணியக்காவோ மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு போகப் போக அழுகையாக மாறியது. மாரியம்மா தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

சாயந்தரம் பாஸ்டர் வந்தார். என் வயதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும் அவருக்கு. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

“பாஸ்டர், எனக்கு விசுவாசம் போயிருச்சின்னு நெனைக்காதீங்க. இருக்கு. ஆனா சனிக்கிழமை எந்திரிச்சி, கால் போனதுக்கு ஸ்தோத்திரம்னு சொல்ல என்னால முடியாது. சொன்னா பொய். அவரு முன்னுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாதீங்கக்கா.”

“சொல்லாட்டி அது ஸ்தோத்திரக் கூட்டமே இல்லயே. நாந்தானே எல்லாருக்கும் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன்.”

“வேணும்னா நிப்பாட்டிடலாம், நீங்கதான் சொல்லணும்,” என்றார் பாஸ்டர். வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாக அக்கா ஒத்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்தது எனக்கு விளங்கவில்லை. கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, போன வருஷம் இதை யாருக்குப் போட்டேன்னு ஞாபகம் இருக்கா?”

எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது. பிரமிளாவுக்கு.

பிரமிளா எங்கள் சபையில் வளர்ந்த பெண். பீடோர் பட்டணத்து ஓரத்தில், மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். இரட்டைப் பிள்ளை உண்டாகி, மாதம் நிறையும் முன்னே பிறந்துவிட்டன. பெண் பிழைத்தது. பையன் பிழைக்கவில்லை. ஒரு குழந்தையோடு அவள் வீடு வந்த வாரம் அக்கா செய்தி போட்டார். முழு சுகத்தோடு வீடு திரும்பியிருக்கும் நம் அருமைச் சகோதரி. நானும் போயிருந்தேன். கோழிக் கறி நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு நினைவில் இருந்தது.

“நாளைக்கி என்னை அங்க கூட்டிட்டுப் போறியா?” என்றார் அக்கா.

மறுநாள் என் மைவி காரின் முன் இருக்கையில் அவரை ஏற்றி உட்காரவைப்பதற்குள் எனக்கும் தர்மா அண்ணனுக்கும் வியர்த்துவிட்டது. அங்கே போய் நிறுத்திய பிறகுதான் எங்கள் மூவருக்குமே உறைத்தது: அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் இல்லை. அந்தப் படிகளில் மங்கு சோற்றோடு எத்தனையோ முறை ஏறியவர், கண்ணாடி வழியாக அவற்றை அண்ணாந்து பார்த்தார்.

“நான் தூக்கிட்டுப் போறேன் வா,” என்றார் தர்மா அண்ணன்.

“கல்யாணத்தன்னிக்கே தூக்கல, இப்பத் தூக்குறாராம். அவளைக் கூப்பிடுங்க.”

பிரமிளா இடுப்பில் குழந்தையோடு இறங்கி வந்தாள். காரின் திறந்த கதவருகே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தர்மா அண்ணன் டீ வாங்கப் போனார். நானும் இறங்கப் பார்த்தேன். அக்கா கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

“பிரமிளா, உங்க வீட்டுல கூட்டம் வச்சேனே. அன்னைக்கி உனக்கு எப்படி இருந்துச்சி?”

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். “ஏங்க்கா இப்ப?”

“சும்மா சொல்லு. நான் அடிக்க மாட்டேன். எந்திரிச்சி வர்றதுக்குக் காலு இல்ல.”

பிரமிளாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்துச் சொன்னாள்: “நான் ஒரு பாட்டும் பாடலக்கா. வாயை மட்டும் அசைச்சேன். நீங்க இவளைத் தூக்கிக் காட்டினீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு மாடியிலேர்ந்து எல்லாரையும் கீழ தள்ளிடலாம் போல இருந்துச்சி.”

“என்னையுமா?”

“உங்களைத்தான் மொதல்ல.”

அக்கா தலையாட்டினார், நியாயம் என்பதுபோல. “பையனுக்குப் பேரு வச்சிருந்தீங்களா?”

“ரூபன். இவ ரூபிணி, அவன் ரூபன்.” அவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். “அக்கா, இதுவரைக்கும் யாருமே கேக்கல.”

அந்தக் கார் நிறுத்துமிடத்தில் அவர்கள் இருவரும் அழுதார்கள். குழந்தை காரின் கியர்க் கம்பியைப் பிடிக்கத் தாவிக்கொண்டே இருந்தது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அப்ப நீ எப்படித் திரும்ப ஜெபம் பண்ண ஆரம்பிச்சே? கோயிலுக்கு வர்றியே, சும்மா வர்றியா?”

“கொஞ்ச நாளு சும்மாதான் வந்தேன்,” என்றாள் பிரமிளா. “என்னால சொல்ல முடியல, சொல்லச் சொன்னா கோபம் வந்துச்சி. அவருகிட்டயே சொன்னேன், நான் உங்ககூடப் பேசலன்னு. ஆனா தினமும் அதைச் சொல்றதுக்காக மட்டும் உக்காருவேன். பிறகு ஒரு நாளு இவ பால் குடிச்சிட்டுப் பெரிய ஏப்பம் ஒண்ணு விட்டா, கிழவனாட்டம். ஸ்தோத்திரம்னு வாயில வந்துருச்சி. யாரும் சொல்லச் சொல்லல. ரூபன் போனதுக்கு இல்லக்கா. அதுக்கு இன்னும் வரல. வராமலே போகலாம். அந்த ஏப்பத்துக்கு வந்துச்சி.”

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமை வா,” என்றார் கடைசியில். “பாட வேணாம். என் பக்கத்துல உக்காரு, போதும்.”

திரும்பும் வழியில் பாஸ்டருக்கு அழைக்கச் சொன்னார். கூட்டம் நடக்கட்டும், ஆனால் சாட்சி எப்படி வரும் என்று தனக்கே தெரியாது என்றார்.

சனிக்கிழமை மழை வரும்போல் இருந்து வராமல் போனது. ஹாலில் பாய் விரித்து, வெளியே நாற்காலி போட்டு, சாயந்தர வெளிச்சத்திலேயே எல்லாரும் கூடிவிட்டார்கள். மாரியம்மாகூட வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் அவர் வைத்தது. இரண்டு பாட்டு முடிந்தது. சக்கர நாற்காலியில் அக்கா. பக்கத்தில் தரையில் பிரமிளா. போர்வையால் காலை மூடட்டுமா என்று சரளாக்கா கேட்டதற்கு, வேண்டாம் என்றார். கட்டு போட்ட முட்டி எல்லார் கண்ணுக்கும் நேரே இருந்தது. பார்க்காமலிருக்க எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

பாஸ்டர் சாட்சிக்கு அழைத்தார்.

“எந்திரிக்க முடியாது, உக்காந்தே சொல்றேன்,” என்று ஆரம்பித்தார். “மெசேஜில முழு சுகம்னு போட்டிருந்துச்சி. இல்ல. வலிக்குது. இல்லாத காலு வலிக்குது, இருக்கிற முட்டியும் வலிக்குது. இந்தக் காலு போனதுக்கு எனக்கு ஸ்தோத்திரம் வரல. ஜெபத்துல கேட்டுப் பாத்தேன், வரல. நீங்க யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்.”

எல்லாரும் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப, போர்வை ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சி. அதைப் பாத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஜெபம் பண்ணல. மறுநாளும் பண்ணல. நான்! பக்கத்துக் கட்டில்ல ஒரு மலாய்க்காரம்மா. ஒரு வார்த்தை கேக்கல. சீப்பை எடுத்து என் தலையைச் சீவி, சடை போட்டு விட்டுட்டுப் போயிப் படுத்துக்கிட்டாங்க. ராத்திரி வேலை நர்ஸ் மிஸ்ஸி என் உடம்பைத் துடைச்சது. இவரு,” என்று தர்மா அண்ணனைக் காட்டினார், “ராத்திரி ஜாகா காவல் வேலை முடிஞ்சி தூங்காம பஸ் ஏறி வந்து, கட்டிலுக்குக் கீழ உக்காந்து தூங்குவாரு. எனக்கு வெக்கமா இருந்துச்சி. நான் வீடு வீடாக் குடுக்கப் போறவ. வாங்கி எனக்குப் பழக்கமில்ல. இத்தனைக்கும் நான் ஒரு ஜெபமும் பண்ணல, ஒரு ஸ்தோத்திரமும் சொல்லல. சொல்லாதவளையும் அவரு விடல. சீப்பு எடுத்துட்டு வந்து நின்னாரு. அதுக்கு…”

அவர் நிறுத்தினார். அந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்ததை நான் பார்த்தேன். அவர் வாயிலிருந்து பல்லாயிரம் முறை வந்த வார்த்தைதான்.

“அதுக்கு ஸ்தோத்திரம்,” என்றார். சத்தமே இல்லை.

வழக்கமாக அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து ‘ஸ்தோத்திரம்’ என்று முழங்குவோம். அன்றைக்கு அது ஒவ்வொருவராக, மெல்ல, வேறு வேறு நேரத்தில் வந்தது.

“இன்னும் ஒண்ணு,” என்றார் அக்கா. கீழே குனிந்து, “சொல்லட்டா?” என்று கேட்டார். பிரமிளா தலையாட்டினாள். “போன வருஷம் இவ வீட்டுல நாம ரூபிணிக்காகக் கை தட்டினோம். ரூபன்னு ஒரு பிள்ளையும் பிறந்தான். அவன் பேரை நாம யாரும் கேக்கல. நானும் கேக்காமதான் சாட்சி சொல்லுன்னு இவளை எழுப்பி விட்டேன். பாஸ்டர், எனக்கு ஜெபம் பண்றதுக்கு முன்னால ரூபன் பேரைச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணுங்க.”

பாஸ்டர் ஜெபித்தார். நன்றியும் இருந்தது அதில்; அதற்கு முன்னால் அழுகை இருந்தது. அதற்கு இடம் கொடுத்தோம். சரளாக்கா விம்மும் சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது. ஜெபம் முடிந்த பிறகும் கண்ணைத் திறக்க யாருக்கும் மனமில்லாமல் இருந்தபோது தர்மா அண்ணன் செருமினார்.

“கோழி ஆறுது.”

அன்றைக்கு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு மெயின் ரோடு வரை கேட்டிருக்கும். மாரியம்மாவின் சாம்பாரை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

இப்போது அக்காவுக்குச் செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்கள். கொய்யாத் தோட்டத்துக்குப் போவதில்லை. தவுக்கே பைகளை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார், அக்கா உட்கார்ந்தபடி மடித்துக் கொடுக்கிறார். மாதர் சங்கத் தலைவி இன்னமும் அவர்தான். ஸ்தோத்திரக் கூட்டங்கள் நின்றுபோகவில்லை. ஆனால் யார் மருத்துவமனையிலிருந்து வந்தாலும் அவர் முதலில் அழைத்து, “கூட்டம் வைக்கலாமா, இல்ல சும்மா வந்து உக்காரவா?” என்று கேட்கிறார்.

போன மாதம் ஐயாவு என்ற பெரியவர் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்து வீடு திரும்பினார். அவர் மகள் சாந்தினி, “சும்மா வாங்கக்கா,” என்றாள். நான்தான் காரில் கூட்டிப் போனேன். அக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சாந்தினி தூக்கமில்லாததைச் சொன்னாள், அப்பா தன்னைத் திட்டுவதைச் சொன்னாள், வேலைக்கு லீவு கிடைக்காததைச் சொன்னாள். அக்கா “ம்” கொட்டினார். ஒரு முறைகூட ‘ஸ்தோத்திரம் சொல்லு’ என்று சொல்லவில்லை. கிளம்பும்போது சாந்தினியே கேட்டாள்.

“ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்கக்கா. ஆனா நன்றி சொல்றதுக்கு இன்னைக்கி என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“இல்லன்னா பரவால்ல. உனக்கும் சேத்து நான் சொல்றேன்,” என்றார் நவமணியக்கா. கட்டிலில் கிடந்த பெரியவரின் விழுந்த கையை ஒரு கையிலும் சாந்தினியின் கையை இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். “ஆண்டவரே, இந்த வீட்டுல ரொம்ப சூசா, ரொம்பக் கஷ்டம். உமக்குத் தெரியும். இவ தூங்கல. நீரும் தூங்காம இவகூட உக்காந்திருக்கீரு. அதுக்கு ஸ்தோத்திரம்.”

முதலில் ஆமென் சொன்னது ஐயாவுதான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அது சரியாக வரவில்லை. ஆனால் எங்களுக்கு முன்னால் வந்தது.